ஒரு சாண் முன்னே போன நடைமேடை

அன்பு மகள் ஹுல்கருக்கு, ஓக்தூத்திலிருந்து அப்பா சொல்ல அம்மா எழுதுவது. வீட்டில் எல்லோரும் உடம்புக்குச் சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை. அந்தக் குளிர் தேசத்தில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று இங்கே தினமும் பேச்சு. நான் கோபத்தில் சொல்வதில் பாதியை உன் அம்மா எழுதாமல் விடுகிறாள், பேனா ஓடும் சத்தத்திலேயே எனக்குத் தெரிகிறது.

உங்கள் தொழிற்சாலையில் செய்த புது மின்சார ரயில் தாஷ்கண்டிலிருந்து நம் பாதைக்கு வந்துவிட்டது. வெள்ளை உடம்பும் நீலக் கோடுமாக மணப்பெண் மாதிரி இருக்கிறது. பார்த்ததோடு சரி, நம் ஊரில் நிற்கவில்லை. பழைய ரயிலையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அது முதன்முதலாக வந்த அன்று தூர்சுன்பாய் கொத்தனாரின் தகப்பன் கழுதையோடு ஏறப் பார்த்ததும், கழுதை இறங்க மறுத்ததும் எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. கழுதைக்காகக்கூட நின்ற ரயில் அது.

புது ரயிலுக்குப் படி கிடையாதாம், நடைமேடை உயர்ந்தால்தான் நிற்குமாம். ரயில் வாங்க அவ்வளவு பணம் கொட்டியவர்கள் நம் ஊருக்கு ஒரு மூட்டை சிமெண்ட் தரவில்லை. சரி, நாமே ஹஷர் போடுவோம் என்று ஊரே கூலியில்லாமல் கூடி மண் சுமந்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது, தூர்சுன்பாய் வாயைத் திறக்கும் வரை. "விருந்தாளியை நாம வாசல் தாண்டிப் போய்த்தானே கூப்பிடுவோம்? நடைமேடையும் தண்டவாளத்துப் பக்கம் ஒரு சாண் முன்னால போய் நிக்கட்டும், கெழவிங்க இடைவெளியத் தாண்ட வேணாம்" என்றான். ஊர் முழுக்கத் தலையாட்டியது. பழைய ரயில் ஒல்லி, அதைக் கடைசியாக இழுத்துக்கொண்டு போன அன்று மேடையை உரசாமல் போய்விட்டது, அதையே அளவென்று நம்பிவிட்டோம். ஆடு அறுத்துத் துவா ஓதி, ஓஷ் புலாவ் சமைத்துச் சாப்பிட்டோம். மறுநாள் அளவுப் பட்டையோடு வந்த அதிகாரி, "பெரியவரே, புது ரயில் அகலம். இதுல ஒரசினா கதவே பேந்துரும். நீங்கதானே கட்டினீங்க, நீங்களே இடிங்க. அதுவரைக்கும் ரயில் அந்தப் பக்கத் தண்டவாளத்துலயே போகும், இங்க நிறுத்தம் இல்ல" என்று சொல்லிவிட்டு, நாங்கள் கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டுப் போனார்.

துவா ஓதிய இடத்தில் கடப்பாரை வைக்க ஒருவனும் முன்வரவில்லை. தூர்சுன்பாய் என்னிடமே, "உங்க பொண்ணுதானே அங்க இருக்கா, ரயிலை ஒரு சாண் ஒல்லியாக்கச் சொல்லுங்களேன்" என்கிறான். தேநீர்க்கடையே சிரித்தது, எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரயில் நிற்காததால் உன் அண்ணி நஃபீசா பட்டணத்துப் பிரசவ ஆஸ்பத்திரி வேலைக்கு இருட்டோடு எழுந்து போய் நெடுஞ்சாலையில் வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டி நிற்கிறாள். போன வாரம் நனைந்து வந்தவள், "மாமா, இனிமே என்னால முடியாது. பட்டணத்துல ஒரு அறை பாத்துட்டேன், பிள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள். உன் அண்ணன் எல்மூரத் அவள் தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தான். பேரப்பிள்ளைகள் இல்லாத வீட்டில் நானும் உன் அம்மாவும் யார் முகத்தைப் பார்ப்பது?

நேற்று நானே கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு போடு போட்டேன். சத்தம் கேட்டு ஓடிவந்த தூர்சுன்பாய், "அய்யோ, அங்க இல்ல, ஓரத்துல! மொத்தத்தையும் கவுத்துருவீங்க போல" என்று கத்தி, என் கையிலிருந்து பிடுங்கித் தானே இடிக்க ஆரம்பித்தான். அப்புறம் ஒவ்வொருவராக வந்தார்கள். கட்டியதற்கும் ஹஷர், இடிப்பதற்கும் ஹஷர். கட்டும்போது ஆட்டுக்கறி, இடிக்கும்போது வெறும் தேநீர். இடித்து முடித்தாலும் அந்த அதிகாரி திரும்பி வந்து அளக்க வேண்டுமாம், எப்போது வருவார் என்று கேட்டால் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். நஃபீசா இந்த மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

அல்லா உன் கைக்கும் கண்ணுக்கும் பலம் தரட்டும், எங்கிருந்தாலும் நல்லவர்கள் நடுவில் இரு மகளே. அம்மா அனுப்பிய கம்பளிக் கையுறையைப் போட்டுக்கொள். நீ புறப்பட்ட அன்று நம் வழக்கப்படி ஒரு வாய் கடித்துவிட்டுப் போன ரொட்டி இன்னும் சுவரில் அப்படியே தொங்குகிறது, மிச்சத்தை நீ வந்துதான் சாப்பிட வேண்டும். ஆனால் பக்கத்து ஊரில் இறங்கி வாடகைக் காரில் வந்து நிற்காதே. நீ செய்த ரயிலில் வந்து நம் ஊரில் இறங்கு. நாங்கள் இடித்துக்கொண்டே இருக்கிறோம்.

உன் அப்பா,
ஹொல்மத்
(கட்டைவிரல் பதித்துவிட்டு மையை என் மேசைத்துணியில் துடைத்துவிட்டார் — அம்மா)