அப்பா கழுத்தில் பழுதுப் பலகை

அன்பு மகளுக்கு, அம்மா ஆசையோடு எழுதுவது. நானும் உன் தம்பியும் நலம், உன் அப்பா நலம் என்று அவரே சொல்லிக்கொள்கிறார். நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் பக்கத்தில் நின்று திருத்தம் சொல்வார், அதனால்தான் இந்தக் கடிதம்.

சாப்பிட்டு எழுந்தால் உப்புசம், எதுக்களிப்பு, டிவியையும் மீறிக் கேட்கிற உறுமல், இப்படியே மாதக்கணக்கில் போகிறது. இளைத்தது எனக்குத் தெரியக் கூடாதென்று பெல்ட்டில் தானே ஆணி அடித்துப் புது ஓட்டை போட்டிருக்கிறார். வயிற்று டாக்டரைப் பாருங்கள் என்று நம் டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தும் மனிதர் அசையவில்லை. காலமெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர் இல்லையா, சத்தம் வந்தா ஓடுதுன்னு அர்த்தம், நின்னா பாத்துக்கலாம் என்கிறார். இதையே கட்டடக்காரர்கள் சொன்னபோது வாய்க்கு வந்தபடி திட்டியவர் இவர். நான் அழுதும் பார்த்தேன், மசியவில்லை.

கடைசியில் அவரோடு வேலை பார்த்த ஸ்பேனர் மாமாவை வரவழைத்தேன். அவர் கருவிப் பையோடு வந்து அப்பாவை சோபாவில் படுக்க வைத்து, நீள ஸ்க்ரூடிரைவர் முனையில் துணி சுற்றி வயிற்றில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, மோட்டார் சத்தத்தைக் கேட்பது போலக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பையிலிருந்து, லிஃப்டில் மாட்டுகிற 'பழுது, உபயோகிக்காதீர்' பலகையை எடுத்து அப்பா கழுத்தில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, ஆனால் உன் அப்பா முகம் வெளுத்துவிட்டது. ஒருத்தர் மாட்டிய பலகையை, சோதிக்க அதிகாரம் உள்ளவரைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் சட்டம், அதை இவர் ஒருநாளும் மீறியதில்லை. சோறு போட்டால், போர்டு தொங்குறப்ப லோடு ஏத்துறியே, உனக்கு அறிவிருக்கா என்று என்னையே கடிக்கிறார். நான் மாமாவுக்குப் போன் போட்டேன், கஞ்சியைச் சோதனை ஓட்டமா நெனச்சுக் குடிடா என்று அவர் சொன்ன பிறகுதான் குடித்தார். அப்புறம் தானே வயிற்று டாக்டர் ஆஸ்பத்திரிக்குப் பேசினார், டாக்டருக்குப் போர்டு கழட்டுற அதிகாரம் உண்டா என்று கேட்டாராம், போனை எடுத்த பெண் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து உண்டு சார் என்றாளாம். வியாழக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார். உள்ள கூப்பிட்டா நீயும் கூட வந்துடு, வெளிய உக்காந்துடாதே என்று தரையைப் பார்த்துச் சொன்னார். இத்தனை வருஷத்தில் இவர் எதற்காவது பயந்து நான் பார்த்ததே இல்லை. வராம எங்க போகப் போறேன் என்று அதட்டினேன், மடித்த சட்டையையே மறுபடி உதறி மடித்தேன்.

வியாழன் காலை மறக்காமல் அப்பாவுக்குப் போன் பண்ணு, வயிற்றைப் பற்றிக் கேட்காதே, சும்மா எதையாவது பேசு. நீ நூறு வருஷம் நன்றாக இரு கண்ணு.

இப்படிக்கு,
அப்பாவோடு உள்ளே போகப்போகிற
உன் அம்மா