சிவநேசன் அங்கிளைப் பற்றி நான் எழுதி வைத்தது

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
சனிக்கிழமை, 11 அக்டோபர் 2025

அன்பு மகள் பெர்னிஸுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நானும் அப்பாவும் சுகம், அந்தக் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, ஒரு வாரம் டிவி பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்னதைத்தான் கேட்கமாட்டேன் என்கிறார், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பந்து விளையாட்டுப் பார்க்கிறார். கீழ்வீட்டு ஷாமினிக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது, நீ மறக்காமல் ஒரு மெசேஜ் போடு. இங்கே தினமும் சாயங்காலம் மழை, துணி காய்வதே இல்லை.

உனக்குக் கிடைத்த வேலையைப் பற்றி அப்பா மாதா கோயிலில் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். எடின்பர்க்கில் அவ்வளவு பெரிய தனியார் பள்ளி, வசதியில்லாத பிள்ளைகள் அங்கே படிக்க உதவித்தொகை திரட்டும் பிரிவுக்கு என் மகள்தான் தலைவி என்று அவர் சொல்லும்போது நானும் பக்கத்தில் நின்று சிரித்தேன். ஆனால் போன வாரம் நீ போனில், "அம்மா, பதினோரு வருஷம் இதே வேலதானே செஞ்சீங்க, பெரிய ஆளுங்ககிட்ட எப்படிக் கேக்கிறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க லா" என்று கேட்டதும் லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. முழங்கால் வலியால்தான் மார்ச் மாதம் வேலையை விட்டேன் என்று உனக்குச் சொன்னதும் பொய். வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

கிள்ளான் சிவநேசன் அங்கிளைப் பெயரளவில் உனக்குத் தெரியும், நேரில் பார்த்ததில்லை. லோரி ஓட்டியாகத் தொடங்கி, துறைமுகத்தில் சொந்தமாக முப்பது லோரி ஓட விட்டு, பிறகு கம்பெனியை விற்றுவிட்டு வீட்டோடு இருந்தவர். மனைவி சீதாலெட்சுமி இறந்துவிட்டார், மகனோடு பேச்சு இல்லை. நான் வேலை பார்த்த பள்ளிக்கு ஒரு பெரிய நன்கொடை வாங்கலாம் என்று யாரோ அவர் பெயரைச் சொன்னார்கள். முதல் நாள் வாசலிலேயே "பத்து நிமிஷம்தான் மா" என்றவர், இரண்டு மணி நேரம் பேசினார். அதன் பிறகு மாதம் ஒரு ஞாயிறு போனேன். பாசாருக்குப் போய் மீன் வாங்கி, தானே குழம்பு வைத்து, எனக்கு முள்ளெடுத்த துண்டாகப் பார்த்துப் போடுவார். வெளியே வந்ததும் நான் என்ன செய்வேன் தெரியுமா, காரை எடுப்பதற்கு முன்னால், அவர் இன்னும் கேட்டில் நின்று கையசைத்துக்கொண்டிருக்கும்போதே, அவர் சொன்னதையெல்லாம் போனில் எழுதிவிடுவேன். சர்க்கரை இல்லாத தேநீர். மகன் பேச்சை எடுக்கக் கூடாது. மனைவியின் நினைவு நாள் இந்தத் தேதி, பூ கொண்டுபோக வேண்டும். மனைவியைப் பற்றிப் பேசினால் மனம் இளகும், அந்த நேரம் கேட்பது நல்லது. இந்த வேலையில் எல்லாரும் எழுதுவதுதான், நானே புதிதாக வந்தவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்திருக்கிறேன். நினைவு நாளில் நான் மல்லிகையோடு போய் நின்றபோது, என் மகனுக்கே ஞாபகம் இல்லை, உனக்கு இருக்கே மா என்று அவர் சொன்னார். போன்தான் எனக்கு ஞாபகப்படுத்தியது என்று நான் சொல்லவில்லை.

இரண்டாவது வருடத்தில் ஒரு ஞாயிறு, தன் மனைவி ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போனதில்லை, பிள்ளைகள் யூனிபார்ம் போட்டுப் போவதைக் கேட்டுக்குள் நின்று பார்த்துக்கொண்டே இருப்பாள் என்று சொல்லும்போது அவருக்கு அழுகை வந்துவிட்டது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கண்ணைத் துடைத்து முடிப்பதற்குள், அந்த அம்மா பெயரிலேயே நாலு பிள்ளைகளைப் படிக்க வைக்கலாமா அங்கிள் என்று கேட்டேன். சரி என்று தலையாட்டினார். நாலு பிள்ளைகள், ஐந்து வருடம், முழுச் செலவும். பள்ளியில் எனக்குக் கைதட்டினார்கள். அந்த டிசம்பரில் நீ லீவு முடிந்து கிளம்பிய அன்றுதான் அவர் கையெழுத்துப் போடுவதாக இருந்தது, உன்னை விமான நிலையத்துக்கு அப்பாவோடு அனுப்பிவிட்டு நான் கிள்ளான் போனேன். அதற்கும் நான் இதுவரை உன்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை.

கையெழுத்தான பிறகு மெல்ல மெல்ல நான் போவது குறைந்தது. அடுத்த வருடத்துக்கு நன்கொடை கேட்க வேறு பெயர்கள் வந்துவிட்டன. இந்த ஞாயிறு மீன் வாங்கட்டுமா மேரி என்று அவர் போன் செய்வார், மீட்டிங் இருக்கு அங்கிள் என்பேன். தீபாவளிக்குப் பள்ளி பெயரில் பழக்கூடை போய்ச் சேர்ந்துவிடும். இந்த ஜனவரியில், அந்த நாலு பேரில் செலாயாங்கிலிருந்து வரும் தாமரை எப்படிப் படிக்கிறாள் என்று மெசேஜில் கேட்டிருந்தார். பாதி வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டு, காரில் இருந்தபடியே பிள்ளைகளின் ரிப்போர்ட்டை அனுப்பினேன். அப்படித்தான் நினைத்தேன். இரண்டு பைலிலும் அவர் பெயர் இருந்தது, அவரைப் பற்றி நான் எழுதி வைத்ததை அவருக்கே அனுப்பிவிட்டேன்.

ஐந்து நாள் கழித்துக் கூப்பிட்டார். "மேரி, நீ அனுப்புனது பிள்ளைங்க ரிப்போர்ட் இல்ல மா. என்னோட ரிப்போர்ட்" என்றார். அன்றே ஓடினேன். கடையில் கொடுத்து பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார், பதினாலு பக்கம். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. ஒரு தப்பு இல்ல" என்றார். பிறகு, "நான் அழுதன்னிக்கு நீ என் கையப் புடிச்ச. அதுவும் இதுல இருக்கான்னு ரெண்டு தடவ தேடிப் பாத்தேன், இல்ல. அத மட்டும் ஏன் மா எழுதல?" என்று கேட்டார். பெர்னிஸ், அது மனசார செய்தது அங்கிள், அதனால் எழுதவில்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார். ஆனால் அது உண்மைதானா என்று எனக்கே நிச்சயமில்லை. தெரியல அங்கிள் என்றேன். காகிதங்களை மடித்து வைத்துவிட்டு, "காசு பிள்ளைங்களுக்குக் குடுத்தது, அதுல நான் கை வைக்கமாட்டேன். பயப்படாத. இனி ஸ்கூல்ல இருந்து யாரையாச்சும் அனுப்பறதா இருந்தா வேற ஆள அனுப்பு" என்றார்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்ட ஒரே கேள்வி, நன்கொடை பத்திரமாக இருக்கிறதா என்பதுதான். இருக்கிறது என்றதும் நல்லவேளை என்று பெருமூச்சு விட்டார். அவரைக் குறை சொல்லவில்லை, கிள்ளானிலிருந்து திரும்பும் வழியில் நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன். என் மனசு அப்படிப் பழகிவிட்டதே என்றுதான் வேலையை விட்டேன்.

தாமரை நன்றாகப் படிக்கிறாள், வகுப்பில் மூன்றாவதாக வந்திருக்கிறாளாம். அந்தப் பிள்ளைகள் படிப்பது பொய்யில்லை, அதற்காகக் கேட்டதும் தப்பில்லை. இதைச் சொல்லிச் சொல்லித்தான் பல மாதம் ஓட்டினேன். போன மாதம் ஒரு ஞாயிறு தாங்கமாட்டாமல் கிள்ளான் போனேன். இளைத்திருந்தார், சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். கேட்டைத் திறக்காமல், "இப்ப எந்த ஸ்கூலுக்கு மா?" என்று கேட்டார். எந்த ஸ்கூலுக்கும் இல்லை, வேலையை விட்டுவிட்டேன் என்றேன். அப்ப எதுக்கு வந்த என்றார். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன் அங்கிள் என்றேன். "நீ சொல்றத நம்பணும்னுதான் இருக்கு மேரி, முடியல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். கோபமே இல்லாமல் சொன்னார்.

எப்படிக் கேட்பது என்று கேட்டாயே மகளே, கேட்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை, உனக்கும் வந்துவிடும். கேட்டு வாங்கிய பிறகும் ஒருவர் வீட்டுக்குப் போய் உட்காரத் தெரிய வேண்டும், அது எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு மறுபடியும் போகிறேன். அவர் திறக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன், போகாமல் இருக்கவும் முடியவில்லை.

கர்த்தர் உன் கை வேலையை ஆசீர்வதிக்கட்டும், மாதா உன் கூடவே இருக்கட்டும். அப்பாவின் ஆசீரும் உனக்கு உண்டு. குளிர் கோட்டு பழசாகிவிட்டது என்றாயே, சம்பளம் வந்ததும் முதலில் நல்லதாக ஒன்று வாங்கு, எங்களுக்கு அனுப்புவது அப்புறம் இருக்கட்டும். இதைப் படித்ததும் என்னைக் கூப்பிடு, இந்தத் தடவை வைக்கமாட்டேன்.

உன் அன்பு அம்மா,
சாந்தமேரி லியோனல்