காந்தள் வேண்டாம்

என்னங்க,

பாப்பாவுக்குத் தடுப்பூசி போடத் தென்காசிக்குக் கிளம்பிவிட்டேன். ஆட்டோ வாசலில் நிற்கிறது. சொதி அடுப்பில் இருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

நேற்று நான் காந்தள் என்று பெயர் வைக்கலாம் என்றதும், "ஏட்டி, அது விஷச்செடி. எம்புள்ளைக்கா அந்தப் பேரு?" என்று தட்டைத் தள்ளிவிட்டுக் குற்றாலத்துக்கு டூட்டிக்குப் போய்விட்டீர்கள். பூவுக்குப் பயப்படுகிற போலீஸ் என்று நானும் கேலி பேசினேன். அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது.

காலையில்தான் அத்தை சொன்னார். ஏழு வயதில் நீங்கள் வேலியோரம் காந்தள் கிழங்கைத் தோண்டி, சீனிக்கிழங்கு என்று நினைத்து உங்கள் அக்காவுக்குத் தின்னக் கொடுத்திருக்கிறீர்கள். கல்யாணமாகி நான்கு வருடமாக, அக்கா காய்ச்சலில் இறந்ததாகத்தான் நான் நினைத்திருந்தேன்.

அந்தப் பெயர் வேண்டாம். நகராட்சியில் கொடுக்க எழுதி வைத்திருந்த படிவத்தைக் கிழித்துவிட்டேன். வேறு பெயரை நீங்களே சொல்லுங்கள்.

அத்தை ரொம்ப நேரம் அழுதார். "சின்னப் புள்ள, அவனுக்கு என்ன தெரியும்? நாங்க யாரும் அவன வையல. ஆனா 'உம்மேல தப்பு இல்லலே'ன்னு ஒருநாளும் அவங்கிட்டச் சொல்லவும் இல்ல" என்றார்.

இன்று சொல்லப் போகிறாராம். உள்ளறையில்தான் இருக்கிறார். நான் இல்லாமல் நீங்கள் இரண்டு பேரும் பேசுவதுதான் நல்லது.

வேல்விழி

பி.கு.: கேலி பேசியதற்கு மன்னித்துவிடுங்கள். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்று, அத்தை பேச ஆரம்பிக்கக் கொஞ்ச நேரமாகும். போனை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.