மாடிவீட்டுக்காரர் போட்ட சரி

ருமியானா,

இன்று காலை முதல் பஸ்ஸை நான்தான் ஓட்ட வேண்டும், கிளம்புகிறேன். முட்டைக்கோஸ் சுருள் அடுப்பிலேயே இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். தண்ணீர் மீட்டர் பார்க்க ஆள் வருவான். நிலவறைச் சாவி என் பழைய கோட்டில்.

மாலைப் பள்ளிப் பரீட்சைக்கு மாடிவீட்டு வல்ச்சோவிடம் அடுக்குக் கணக்குப் படிக்கப் போகிறாய். சரி. இறங்கி வரும்போதெல்லாம் என்ன அப்படி ஒரு சிரிப்பு? கேட்டால், "உனக்குச் சொன்னாப் புரியாது" என்கிறாய். அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று நேற்று உன் புத்தகத்தையும் நோட்டையும் டிப்போவுக்குக் கொண்டுபோனேன். நன்றாகவே புரிந்தது.

இரண்டின் அடுக்கு மூன்று, அது மொத்தத்துக்கும் அடுக்கு இரண்டு. நீ மூன்றையும் இரண்டையும் கூட்டி, அடுக்கு ஐந்து என்று எழுதியிருக்கிறாய். தப்பு. அடுக்குக்கு மேல் அடுக்கு வந்தால் பெருக்க வேண்டும், ஆறு. சந்தேகமென்றால் எட்டை எட்டால் பெருக்கிப் பார், அறுபத்துநான்கு. உன் விடை முப்பத்திரண்டோடு நின்றுவிடுகிறது.

நீ படிக்கிறவள், தப்பு வரும். அவர் பாலம் கட்டுகிற இன்ஜினியர். அந்தத் தப்புக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் இவ்வளவு பெரிய சரி போட்டிருக்கிறார். அப்போது அவர் கண் எங்கே இருந்தது? நோட்டில் இல்லை.

உன் கணவன் ஸ்தாமென்

தயிர் ஜன்னலோரம் இருக்கிறது. சுருளை வெறுமனே தின்னாதே.

இன்னொன்று. நிறுத்தத்துப் பிளம் மரம் நேற்றே பூத்துவிட்டது. மார்ச் பிறந்ததும் கையில் கட்டிவிட்ட சிவப்பு வெள்ளை நூலை, வழக்கப்படி இனி கழற்றி மரத்தில் கட்ட வேண்டியதுதான். உன் மணிக்கட்டில் இரண்டு இருக்கிறது. அவர் கட்டியதை நீயே அவிழ்த்துவிடு. என்னுடையதை நான் வந்து அவிழ்க்கிறேன்.