பாலத்துக்கு அங்கால் ஒரு வீடு

ஞாயிறு இரவு.

போன் விளையாட்டில் நான் கட்டிவரும் ஊரை இன்று தங்கச்சிக்குக் காட்டினேன். வாவியையும் கோயிலையும் பார்த்துச் சிரித்தவள், தன் பெயர் போட்ட வீட்டைக் கண்டதும் போனைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"அக்கா, என்ட வீடு மட்டும் ஏன் பாலத்துக்கு அங்கால?"

"அங்கதான் இடம் இருந்திச்சு" என்றேன்.

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்கு அம்மாவின் வளவு நிலத்தைப் பிரித்துத்தான் வீடு கட்டிக் கொடுப்பார்கள். எனக்குக் கட்டியாகிவிட்டது. அவளுடைய பாதியில் கடை போடலாம் என்கிறார் என் கணவர். நான் மறுத்து எதுவும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன்.

இப்போது அவள் வீட்டைத் தூக்கி என் வீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் பூந்தோட்டத்தை அழித்தால்தான் இடம் வருமாம். அழிக்கவா என்று போன் கேட்கிறது. வெறும் விளையாட்டுத்தான். 'ஆம்' என்பதை அழுத்த விரல் போகவில்லை.