வீடு ஒன்று, உலை வேறு

கீழப்பழுவூர்
28-10-1982

அன்புள்ள மகள் லீலாவதிக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் பிலாயில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டே இதை ஆரம்பிக்கிறேன். இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் யாருக்கும் சரியில்லை. உன் அப்பா அண்ணனோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஊரிலிருந்து வேறு யாராவது எழுதி நீ பதறுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எல்லாம் ஒரு ஜவுளிக்கடைக் கூப்பனால் வந்தது.

ஆடி மாதம் அரியலூரில் புதிதாகத் திறந்த ஜவுளிக்கடையில் நானும் உன் அண்ணி கமலவேணியும் ஆளுக்கொரு புடவை எடுத்தோம், அப்போது ஆளுக்கொரு ரோஸ் கலர் கூப்பன் கொடுத்தார்கள். தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கூப்பனை நீட்டினால் வேட்டி ஒன்று இலவசம். அப்பாவுக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். திங்கட்கிழமை இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். கடையில் நிற்க இடமில்லை. உனக்கு அரக்கில் ஒன்றும் அண்ணிக்குப் பச்சையில் ஒன்றும் எடுத்து, பில் போடும் இடத்தில் இரண்டு கூப்பனையும் வைத்தேன். பில் போடுகிறவன் ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை என் பக்கம் தள்ளிவிட்டு, குடும்பத்துக்கு ஒண்ணுதாம்மா செல்லும், பின்னால போட்டிருக்கு பாருங்க என்றான். திருப்பிப் பார்த்தால் பொடிப்பொடியாக என்னவோ அச்சடித்திருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. குடுக்கறப்ப ரெண்டு கையில குடுத்தீங்களே, அப்பத் தெரியலையா குடும்பம் ஒண்ணுன்னு என்று சத்தம் போட்டேன். அவன் சட்டம் பேசினான், நானும் விடவில்லை. பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் ஆகட்டும் என்று முணுமுணுத்தார்கள். மேனேஜர் எழுந்து வந்து, நீங்க ரெண்டு பேரும் ஒரே குடும்பமா, தனித்தனியா, தனின்னா ரெண்டும் செல்லும் என்று மரியாதையாகத்தான் கேட்டார். என் மருமவங்க, ஒரே குடும்பந்தான் என்று நான் பெருமையாகச் சொல்லி வாய் மூடவில்லை, உன் அண்ணி முன்னால் வந்து, வூடுதாங்க ஒண்ணு, உலை வேற என்றாள்.

நம் பக்கத்தில் உலை வேறு என்றால் தனிக்குடித்தனம் போயாயிற்று என்று அர்த்தம். மேனேஜருக்கும் அது தெரிந்திருக்கிறது. உலை வேறன்னா குடும்பம் வேறதான், போட்டுக் குடுப்பா என்று இரண்டு வேட்டியையும் எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். நான் இரண்டையும் வாங்கிப் பையில் போட்டேன். பொய் என்று சொன்னால் அத்தனை பேர் முன்னால் மருமகளைப் பொய்க்காரி ஆக்க வேண்டும், சொல்லாவிட்டால் நானே பாகம் பிரித்ததாக ஆகும். நம் தெரு செங்கமலம் வேறு பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் அண்ணியிடம் ஏண்டி அப்படிச் சொன்ன என்று கேட்டேன். வேட்டிக்காகத்தான் அத்தை என்றாள், ஆனால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்.

நாங்கள் வீடு சேர்வதற்குள் செய்தி ஊர் சேர்ந்துவிட்டது. டீக்கடையில் எவனோ உன் அப்பாவிடம், பாகம் பிரிச்சிட்டீங்களாமே, எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே என்று கேட்டிருக்கிறான். வந்த வேகத்தில் வேட்டியைத் தூக்கி வாசலில் எறிந்தார். அண்ணனைக் கூப்பிட்டு, அவ சொன்னது வேட்டிக்காவா, நெசமாவா, ஒரே வார்த்தை சொல்லு பழனிவேலு என்றார். உன் அண்ணன் வாசலுக்குப் போய் வேட்டியை எடுத்து மண்ணைத் தட்டி மடித்தான், மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தான். இந்த வூட்டுல இன்னொரு அடுப்பு எரிஞ்சா எனக்குத் தீபாவளியும் இல்ல ஒண்ணும் இல்ல என்று அப்பா சொல்லிவிட்டுக் கொல்லைப் பக்கம் போனார், அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை.

அண்ணனுக்குப் புத்தி சொல்லி ஒரு கடிதம் போடு என்று உனக்கு எழுதத்தான் முதலில் நினைத்தேன். நேற்றுக் கிணற்றடியில் உன் அண்ணியைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு அத்தை, வூட்டுல பேச்செடுத்தா நீங்க அழுவீங்க, மாமா கத்துவாரு, அங்க கடைக்காரரு கேட்டாரு, வாயில வந்துடுச்சு என்று அழுதாள். அறையலாம் என்று கை வந்தது. ஆனால் லீலா, வந்த நாளிலிருந்து அவளிடம் சேர்ந்து இருக்கிறாயா தனியாக இருக்கிறாயா என்று இந்த வீட்டில் யார் கேட்டோம்? ஒரு கடைக்காரன் அல்லவா கேட்டான். அதனால் அண்ணனுக்கு ஒன்றும் எழுதாதே, அப்பாவுக்கு எழுது. பின்கட்டில் ஒரு அடுப்புப் போட்டுக்கொள்ளட்டும், வயலும் மாடும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று நீ சொன்னால் அவர் கேட்பார், நான் சொன்னால் எரிந்து விழுவார்.

பிள்ளைக்குக் குளிருக்கு முன்னாலேயே கம்பளிச் சட்டை வாங்கிவிடு, மாப்பிள்ளை செலவு என்று முணுமுணுத்தால் காதில் வாங்காதே. அப்பாவுக்கு எழுதுவதைத் தள்ளிப்போடாதே, தீபாவளிக்கு முன் கிடைக்க வேண்டும். நீங்கள் மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் நிறைந்து இருக்க வேண்டும். பொங்கலுக்கு நீ வரும்போது முதல் வேளைச் சோறு அண்ணி உலையில் சாப்பிடு. எனக்குக் கோபம் வரும், வந்தாலும் அங்கேயே சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
சிந்தாமணி