எட்டாவது சுற்றில் நிறுத்தணும்

1979 மார்ச் 12, திங்கள்

இன்று என் சமையலறையில் இருந்தவர்கள்: பிடில் வாசிக்கும் ஆல்மன் பெர்லி, பியானோ வாசிக்கும் ஹெஸ்டர், பேத்தி ஆர்ஃபா, நான். 24-ஆம் தேதி ஊர் மண்டபத்தில் ஜோடி ஆட்டம். முன்னால் நின்று, ஆடுகிறவர்களுக்கு அடுத்த அடி என்ன என்று சொல்பவள் நான்தான், முப்பத்தோரு வருஷமாக. வென்டல் வருகிறானாம். ஆர்ஃபாவை விட்டுப் போனவன். புதியவளையும் கூட்டிக்கொண்டு. ஹெஸ்டர் சொன்னாள். ஆர்ஃபா கோப்பையைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய கோப்பை.

மார்ச் 14

அவன் கை அவள்மேல் படக்கூடாது. அவ்வளவுதான். ஆட்டங்களை அதற்கேற்ப எடுக்க வேண்டும். சதுர ஆட்டம் நல்லது, நாலு ஜோடி தங்களுக்குள் ஆடிக்கொள்ளும்; இவர்களை வேறு வேறு சதுரத்தில் நிறுத்தினால் போதும். மூன்று ஜோடி ஆட்டமும் அப்படியே. பெரிய வட்டத்தில் பாதிப் பேர் இப்படி, பாதிப் பேர் அப்படி நகர்வார்கள். ஒரே பக்கம் போகிறவர்கள் சந்திக்கவே மாட்டார்கள். ஜோடிகள் எதிரெதிராக நிற்கும் நீள வரிசை ஆட்டம்தான் ஆகாது. சுற்றுக்கு ஓர் இடம் நகர்ந்து, கோடிக்குப் போன ஜோடி திரும்பி வரும். எல்லாரும் எல்லார் கையையும் பிடித்தே ஆகணும்.

மார்ச் 17

ஆடுகிறவர்களுக்குப் பதிலாகப் பொத்தான்களை மேஜையில் பரப்பி நகர்த்தினேன். சிவப்பு ஆர்ஃபா, கறுப்பு அவன். வெளியே மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்சும் ஆவி வெள்ளையாக மரங்களுக்குள் போய்க்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்கப் பொத்தான்களுக்குக் கால் முளைத்தது, பாவாடை சுழன்றது, மேஜை நீண்டுகொண்டே போனது — நான் தூங்கினேனா? பீன்ஸ் அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 19

என் பட்டியலைப் பார்த்து ஆல்மன் சிரித்தான். "நீள வரிசை ஒண்ணுகூட இல்லையே லெட்டி. சனங்க வர்றதே அதுக்குத்தான். வெறும் ஊறுகாயை மட்டும் பந்தியில வைக்கப் போறியா?"

அவன் சொல்வது நியாயம், அதுதான் எரிச்சல். கடைசிக்கு ஒரு நீள வரிசை சேர்த்தேன். நான் கையைத் தூக்கினால் அதுதான் கடைசிச் சுற்று என்றேன். தலையாட்டினான்.

மார்ச் 22

ஆர்ஃபா ஆட்டச் செருப்பைப் போட்டுக்கொண்டு சமையலறையில் நடந்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மார்ச் 25, ஞாயிறு

நேற்று ஆட்டத்தில் சதுரம், வட்டம், மூன்று ஜோடி எல்லாம் எண்ணெயில் வழுக்கினதுபோல் போயின. கடைசி வரிசை நின்றதும் எண்ணினேன். ஒன்பதாவது சுற்றில் ஆர்ஃபாவும் வென்டலும் சந்திப்பார்கள். எட்டாவது தொடங்கும்போதே கையைத் தூக்கினேன். ஆல்மன் பார்த்தான். நன்றாகப் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு நிறுத்தாமல் வாசித்தான்.

ஒன்பதாவது சுற்று. ஆர்ஃபாதான் முதலில் கை நீட்டினாள். இருவரும் சுழன்றார்கள், விளக்கெல்லாம் அவர்களோடு சுழன்ற மாதிரி இருந்தது எனக்கு. தலை சுற்றாமல் இருக்க அவன் கண்ணைத்தான் பார்க்கணும், பார்த்தாள். பிறகு கையை விட்டாள். அடுத்த ஜோடியிடம் போகும்போது சிரித்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் ஆல்மனைப் பிடித்து, ஏன் நிறுத்தவில்லை என்று சண்டை போட்டேன். ஆர்ஃபா நடுவில் வந்தாள். "நான்தான் பாட்டி, நிறுத்தாதீங்கன்னு அவர்கிட்ட சொன்னேன். எத்தனை நாளைக்கு ஒதுங்கி ஒதுங்கி ஆடுறது?"

இன்று பத்து மணி வரைக்கும் தூங்கினாள். எழுந்து நாலு பான்கேக் தின்றாள். ஒரு வருஷமாக ஒன்றுக்கு மேல் தொட்டதில்லை.

வென்டலைக்கூடப் போனால் போகிறது என்று விடலாம். ஆனால் நான் தூக்கின கையைப் பார்த்துவிட்டும் வாசித்தவன் இந்த முப்பத்தோரு வருஷத்தில் ஒருத்தன்தான். அவன் செய்தது சரியாகவே இருக்கட்டும். மன்னிக்க மாட்டேன். ஆல்மன் பெர்லி.